ஜன்னலில் நின்ற பாட்டில்

படகுத்துறை அலுவலகத்தில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தது. காலையில் அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடிப் பாட்டில் வந்து நின்றால்தான் முதல் படகு கிளம்பும். பாட்டிலில் டீசல் இருக்கும். அது தெளிவாக இருந்தால் மேனேஜர் விசில் ஊதுவார். கலங்கியிருந்தால் ஊத மாட்டார். படகில் ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பது ஒரு பெண்ணின் வேலை. அவளுடைய கணவர் அதே துறையில் மெக்கானிக்காக இருந்து, நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் பிறகு இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். வந்துபோகிறவர்கள் அவளைப் பாட்டிலக்கா என்று கூப்பிட்டார்கள். படகை ஓட்டியது அவளுடைய கொழுந்தன். "புதுசா வர்றவங்க உங்க பேரைக் கேட்டுட்டு ஒரு மாதிரியா பாக்குறாங்க அண்ணி. சாயங்காலம் எப்பக் கடை திறப்பாங்கன்னு ஒருத்தர் என்கிட்டயே விசாரிச்சாரு" என்று அவன் கேலி செய்வான். அவள் வாளியைத் தூக்கி அடிக்கப் போவது போல ஓங்குவாள். அவளும், கொழுந்தனும், அவன் மனைவி பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்.

படகின் பின்பக்கத்தில் ஒரு பலகையைத் தூக்கினால், ஒரு ஆள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கும் அளவுக்குக் குழி இருக்கும். அதற்குள் இஞ்சின், அதை ஒட்டி டீசல் டேங்க். டேங்கின் அடியில் ஒரு சின்னக் குழாய். அதைத் திறந்து முதலில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். பிடித்ததை ஆட்டாமல் அசைக்காமல் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம். தண்ணீர் இருந்தால் அது கீழே போய்த் தனியாக உட்கார்ந்துகொள்ளும். அழுக்கு இருந்தால் இரண்டுக்கும் நடுவே மேகம் போல நிற்கும். அப்படி நின்றால் குழாயை மறுபடியும் திறந்து, சுத்தமாக வரும்வரை வாளியில் வடித்துவிட வேண்டும். தண்ணீர் இஞ்சினுக்குள் போய்விட்டால் அது எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடும். கரையோரம் பார்த்து நிற்க வேண்டும் என்று அதற்கு ஒன்றும் கட்டாயமில்லை.

பாட்டிலக்கா ஆரம்பத்தில் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். குழிக்குள் இறங்கினால் முட்டி பிடித்துக்கொள்ளும். டீசல் வாடை தலைமுடியில் ஏறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. "உங்க பக்கத்துல உட்கார்ந்து அடுப்பு பத்த வைக்கவே பயமா இருக்குக்கா" என்று ஓரகத்தி சிரிப்பாள். அதற்கெல்லாம் அவள் சலித்துக்கொள்ளவில்லை. அவளைச் சலிக்க வைத்தது படகில் உட்கார்ந்திருந்த சனங்கள்தான்.

மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கும். மேலே டீசல் ஊற்றும் வாயின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. புது வளையம் வேண்டும் என்று அவள் மேனேஜரிடம் பலமுறை கேட்டாள். வரும் வரும் என்றார், வரவில்லை. அதனால் மழை பெய்த மறுநாள் காலையில் வடித்து முடிக்கவே நேரமாகிவிடும். படகு கிளம்பத் தாமதமாகும். ஒருத்தருக்கு ஆஸ்பத்திரி, ஒருத்தருக்கு ஆபீஸ், இன்னொருத்தருக்குப் பரீட்சை. ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள்.

எல்லாரையும்விடச் சத்தம் போட்டது அக்கரையில் கடை வைத்திருந்த தையல்காரர். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். உட்காரவே மாட்டார். படகின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வருவார், அக்கரை வந்ததும் முதல் ஆளாகக் குதிப்பதற்கு. அவர் கெட்டவர் இல்லை. பாட்டிலக்காவின் ரவிக்கையை அவர்தான் தைத்துக் கொடுப்பார், நல்ல நாளில் கூலியில் கொஞ்சம் குறைத்தும் வாங்கிக்கொள்வார். ஆனால் காலை நேரத்தில் அவர் வேறு மனிதர்.

"ஏம்மா, டீசலைக் கைக்குழந்தைக்குப் புகட்டவா போற? இப்படி வடிகட்டி வடிகட்டி வைக்கிற" என்பார். படகே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கொழுந்தனும் சேர்ந்துகொள்வான். குழிக்குள் குனிந்திருக்கும் அவளுக்கு அது காதில் விழும்.

ஒரு நாள் இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. காலையில் பாட்டிலைப் பிடித்தால் பாதிக்குப் பாதி தண்ணீர். அவள் வடித்துக்கொண்டே இருந்தாள். மேலே கைதட்டல் ஆரம்பித்தது. யாரோ பலகையைக் காலால் தட்டினார்கள். மேனேஜர் அலுவலக வாசலுக்கே வந்து நின்று, அடியிலிருந்து எடுத்தால் அழுக்குதான் வரும், டேங்கின் மேல்வாயிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு வை, அதுவும் அதே டீசல்தான் என்று சொன்னார். அவள் தயங்கினாள். கொழுந்தன் குழிக்குள் தலையை நீட்டினான்.

"அண்ணி, நேத்து பிடிச்ச பாட்டில் ஆபீஸ்ல இருக்கு இல்ல? அதையே ஜன்னல்ல வச்சிடுங்க. இவங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க போலிருக்கு."

"கலங்கலா வருது தம்பி."

"சாயங்காலம் வந்து வடிச்சுக்கலாம். ஒரு தடவைதானே."

அவள் நேற்றைய பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தாள். விசில் ஊதியது. படகு போனது, வந்தது, மறுபடி போனது. ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததுதான் வினையாகிப்போனது. ஏதாவது சின்னதாக ஆகியிருந்தால்கூட அவள் பயந்திருப்பாள். அடுத்த மழைக்கும் அதே பாட்டில் வந்து நின்றது. பிறகு வெயில் நாளிலும் நின்றது. முதலில் சாயங்காலம் ஆள் போன பிறகு இறங்கி வடித்தாள். அப்புறம் முட்டி வலி இல்லாத நாளில் மட்டும் வடித்தாள். அப்புறம் நாளைக்குப் பார்க்கலாம் என்றானது. பாட்டில் மட்டும் ஜன்னலைவிட்டு இறங்கவே இல்லை.

அவள் வேலையை விட்டுவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. தினமும் காலையில் அந்தப் பாட்டிலைப் பழந்துணியால் துடைத்தாள். வெயில் பட்டு டீசல் நிறம் மங்கினால், புதிதாக வந்த டின்னிலிருந்து மாற்றி ஊற்றினாள். மூடியைக்கூட ஒரு தடவை மாற்றினாள். டேங்குக்குப் போக வேண்டிய கவனமெல்லாம் பாட்டிலுக்குப் போனது. மேலிடத்திலிருந்து சுற்றுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தேன் மாதிரி இருக்கிறதே, மற்ற துறைகளும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மெச்சிவிட்டுப் போனார். அன்றைக்கு மேனேஜர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனாலும் குடித்து முடித்தாள்.

தையல்காரர் அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். "இப்பத்தான் இந்தத் துறை உருப்பட்டிருக்கு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

அந்த நாள் வந்தபோது வானம் வெளுத்துத்தான் இருந்தது. முந்தின இரண்டு நாளும் மழை. ஆறு நிறைந்து, மண் நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டில் ஜன்னலில் இருந்தது. விசில் ஊதியது. பாட்டிலக்கா கரையில் உட்கார்ந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. அப்படிப் போடும்போது டேங்கின் அடியில் படிந்திருப்பதெல்லாம் கிளம்பி மேலே வரும். இஞ்சினின் சத்தம் மாறியதை முதலில் கேட்டது அவள்தான். ஒரு இருமல். அப்புறம் தொடர்ந்து இரண்டு மூன்று. வாளி அவள் கையிலிருந்து நழுவி ஆற்றோடு போனது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

ஓட்டமில்லாத படகைத் தண்ணீர் குறுக்காகத் திருப்பி, கட்டிமுடிக்காமல் நின்ற பாலத்தின் தூணை நோக்கிக் கொண்டுபோனது. கொழுந்தன் இஞ்சினோடு மல்லுக்கட்டுவது கரையிலிருந்தே தெரிந்தது. பிறகு அதை விட்டுவிட்டு ஒரு நீளக் கழியை எடுத்துத் தூணில் ஊன்றிப் படகைத் தள்ளப் பார்த்தான். கழி முறிந்தது. பக்கவாட்டில் மோதியதில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். கை கால் உடைந்தது, மண்டை உடைந்தது. மணல் ஏற்றிப்போன ஒரு தோணி வந்து அவர்களைக் கரை சேர்த்தது. நின்றுகொண்டே வந்தவர் ஒருத்தர்தான். அவர் படகுக்கும் தூணுக்கும் நடுவே விழுந்தார். அவரைப் பிணமாக மேலே எடுத்தபோதும் அளவு டேப் கழுத்திலேயே இருந்தது.

சாயங்காலத்துக்குள் கொழுந்தனைப் போலீஸ் கொண்டுபோனது. வெள்ளத்தில் வேகமாக ஓட்டினான், இஞ்சினைக் கையாளத் தெரியாமல் நிறுத்திவிட்டான் என்பது வழக்கு. மேனேஜர் ஜன்னலில் இருந்த பாட்டிலைத் தன் கையாலேயே எடுத்துத் துணியில் சுற்றி, இதுதான் அன்று காலையில் சோதித்த டீசல் என்று ஒப்படைத்தார். அதன் வாயில் அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள்.

வீட்டில் ஓரகத்தி அழவில்லை. எப்போதும் வாயாடிக்கொண்டிருப்பவள் வீட்டு வேலையை மட்டும் பார்த்தாள். இரண்டாம் நாள் மதியம், சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு டீசல் சரியாத்தானே இருந்துச்சு?"

பாட்டிலக்கா தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க பார்த்தீங்க இல்ல? ஜன்னல்ல வச்சீங்க இல்ல?"

"வச்சேன். பார்க்கல."

ஓரகத்தி பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டாள். பிறகு, அப்படியானால் அதைப் போய்ச் சொல்லுங்கள், டீசலில் தண்ணீர் இருந்தது என்று தெரிந்தால் அவரை விட்டுவிடுவார்கள் என்றாள். குரலில் கோபம் இல்லை. வழி கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. பாட்டிலக்கா தலையாட்டினாள்.

சொல்வது என்று முடிவு செய்ததும் அவள் முதலில் போனது படகு பழுது பார்க்கும் பட்டறைக்கு. படகைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். உடைந்த பக்கத்தில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. டேங்க் காலியாகி, கழுவி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நெருப்பு வைக்கிற வேலைக்கு முன்னால் டேங்கை வடித்துக் கழுவுவது பட்டறையின் வழக்கம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அவளுடைய கணவரோடு வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். வடித்தபோது என்ன வந்தது என்று அவரைக் கேட்டாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பாதி தண்ணிதான்மா. கூடவே சேறு மாதிரி ஒண்ணு. ஆனா அதை நான் வெளிய சொல்ல மாட்டேன். இந்தப் பட்டறைக்கு வர்ற படகெல்லாம் உங்க துறைப் படகுதான். எனக்கும் வயிறு இருக்கு."

"தம்பி ஜெயிலுக்குப் போயிடும்ணே."

"தெரியுது" என்றார் அவர். "நீ கேட்டதே நான் கேக்கலன்னு வச்சுக்கோ." குனிந்து ஒரு போல்ட்டை முடுக்கத் தொடங்கினார். அந்த போல்ட் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

மேனேஜருக்கு எப்படியோ சேதி போயிற்று. வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, ரொம்ப அன்பாகப் பேசினார். உண்மையைச் சொன்னால் வேலை போகும், இந்த வீட்டில் இருக்கும் ஒரே சம்பளமும் நிற்கும், அவனையும் விடமாட்டார்கள், இரண்டு பேரும் உள்ளே போவீர்கள், அடுப்பில் யார் உலை வைப்பது என்று கேட்டார். மேல்வாயிலிருந்து மொள்ளச் சொன்னது தாம்தான் என்பதை அவர் மறந்தேபோயிருந்தார். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தார். போகும்போது ஓரகத்தியைப் பார்த்து, தைரியமாக இரும்மா என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டிலக்கா பயந்தாள். பயந்துகொண்டேதான் விசாரணைக்குப் போனாள்.

விசாரணை அதிகாரி தலை நரைத்தவர். எரிந்து விழாதவர். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரப்பர் வளையம், மழை, கைதட்டல், நேற்றைய பாட்டில், துடைத்தது, மாற்றி ஊற்றியது, ஒன்றையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரை போட்ட பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அது அங்கேயும் பளபளத்தது.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி காட்டுங்கம்மா."

"இது டேங்க்ல பிடிச்சது இல்ல சார். புது டின்லேருந்து நான் ஊத்தினது."

"ஊத்தினதை யாராவது பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே ஊற்றினாள்.

பரிசோதனைக்கு அனுப்பியதில் டீசல் சுத்தம் என்று பதில் வந்திருந்தது. படகில் வந்தவர்களை அதிகாரி ஏற்கெனவே விசாரித்திருந்தார். பாட்டில் தினமும் ஜன்னலில் இருக்கும், ஒரு நாள்கூடத் தவறியதில்லை, அந்த அம்மா ரொம்பப் பொறுப்பு என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். பட்டறை மெக்கானிக் ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தார்.

"கொழுந்தனைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. தப்பு சொல்ல மாட்டேன். என் அண்ணியா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார் அதிகாரி. "ஆனா இத்தனை நாளா நீங்க சொன்னதை நம்பித்தான் அந்தப் படகு ஓடியிருக்கு. இன்னைக்கு மாத்திச் சொல்றீங்க. நான் எதைம்மா நம்புறது?"

அவள் பாட்டிலையே பார்த்தாள். அதன் கழுத்தில் துணி எட்டாத இடுக்கில்கூடத் தூசி இல்லை. அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தாள்.

கொழுந்தனுக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு சொன்ன நாளில் கோர்ட்டு வராந்தாவில் அவள் தள்ளிச் சுவரோரம் நின்றாள். அவன்தான் கூப்பிட்டான்.

"அண்ணி, கேட்டது நான். வச்சது நீங்க. அதைப் பத்தி இனிமே நாம பேச வேண்டாம்" என்றான். பிறகு ஏதோ கேலி சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்தான். காவலர் தோளைத் தொட்டதும் திரும்பி நடந்தான்.

அவளுக்குத் தண்டனை எதுவும் இல்லை. டீசல் சோதனையில் குறையில்லை என்று விசாரணையில் முடிவாகியிருந்ததால் அவளுடைய வேலைக்கும் குறைவில்லை. மேனேஜர் வந்து சேரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் போனாள். வீட்டில் ஓரகத்தியும் பிள்ளைகளும் அவள் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சேர்ந்தாள். ஓரகத்தி அவளோடு பேசுவதை நிறுத்தவில்லை. சோறு போட்டாச்சு, தண்ணீர் வைத்தாச்சு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். டீசல் வாடையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

புதுப் படகு வந்தது, புது ஓட்டுநர் வந்தார். மூடியின் ரப்பர் வளையம் புதிதாக இருந்தது. பாட்டிலக்கா ஒவ்வொரு காலையிலும் குழிக்குள் இறங்கி அடிக்குழாயைத் திறந்து பிடித்தாள். முட்டி என்ன கத்தினாலும் கேட்கவில்லை. பழைய பாட்டிலைப் போன்ற இன்னொன்றை வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு நாளும் பிடித்ததை அன்றே கொட்டிவிடுவாள். கோடை முழுக்கப் படகு நேரத்துக்குக் கிளம்பியது. யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

மறுபடி மழை வந்தது. வளையம் புதிதுதான், ஆனால் டீசல் டின்களைத் துறையில் மழையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று காலையில் பிடித்த பாட்டிலின் அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு மேலே மேகம்.

அவள் வடிக்கத் தொடங்கினாள். தூணில் மோதிய அன்று கை உடைந்த ஒருவர் அந்தப் படகில் இருந்தார். அவர்தான் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அப்புறம் ஒரு இருமல், ஒரு முணுமுணுப்பு. அப்புறம் கைதட்டல்.

பாட்டிலக்கா குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினாள். கையில் கலங்கிய பாட்டில். அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். "தண்ணி இருக்கு. வடிச்சாத்தான் போகலாம்" என்றாள். அவள் அவ்வளவு பேர் முன்னால் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அதெல்லாம் இஞ்சின் தாங்கும்மா. புதுப் படகு" என்றது ஒரு குரல். "போன தடவையும் டீசல்ல ஒண்ணும் இல்லன்னு சர்க்காரே சொல்லிடுச்சு. ஓட்டத் தெரியாதவன் ஓட்டினான், அவ்ளோதான்" என்றது இன்னொன்று.

இந்தப் பதிலை அவர்களுக்குக் கொடுத்ததே அவள் துடைத்த பாட்டில்தான்.

மேனேஜர் வாசலுக்கு வந்தார். அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், வேறு ஒரு பாட்டிலோடு வந்து அதை ஜன்னலில் வைத்தார். தெளிவான டீசல். எப்போது நிரப்பி வைத்ததோ. படகே நிம்மதியாக மூச்சுவிட்டது. புது ஓட்டுநர் அவளிடம், மேலே வாங்கக்கா, பலகையை மூடணும் என்று மரியாதையாகச் சொன்னார். அவள் ஏறி வந்து கரையில் நின்றாள்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படகைவிட்டு இறங்கினாள். தையல்காரரின் மனைவி. கணவருக்குப் பிறகு அக்கரைக் கடையை அவள்தான் நடத்திவந்தாள். தினமும் இதே படகில் போனாள், வந்தாள். பாட்டிலக்காவின் முகத்தை ஒரு நாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது நேராக வந்து அவள் கையிலிருந்த கலங்கிய பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"பார்க்கலம்மா. இதைவிட மோசமா இருந்திருக்கும்."

அந்தப் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படகிலிருந்து யாரோ, ஏறுகிறாயா இல்லையா என்று கேட்டார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஜன்னல்ல பாட்டில் வைக்கிற வழக்கமே இல்லாம இருந்திருந்தா எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு உட்கார்ந்து வந்திருப்பாரு. பயந்துகிட்டாவது கம்பியைக் கெட்டியாப் பிடிச்சிருப்பாரு. பார்த்தாச்சு, பார்த்தாச்சுன்னு பாட்டில் சொல்லிச்சு, அவரும் நம்பி நின்னாரு. பார்க்காம விடுறதுகூடப் பரவாயில்ல. பார்த்த மாதிரி காட்டுறதுதான் ஆளைக் கொல்லுது. அதைக் காட்டச் சொல்லிக் கைதட்டினதுல எங்க வீட்டுக்காரரும் உண்டு, நானும் உண்டு, நீங்களும் உண்டு. இனிமே நான் தட்ட மாட்டேன்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கை உடைந்திருந்தவர் எழுந்திருக்கப் போவது போல முன்னால் சாய்ந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார். வேறு யாரும் இறங்கவில்லை. விசில் ஊதியது.

இரண்டு பெண்களும் ஈரப் படிக்கட்டில் நின்று இஞ்சினின் சத்தத்தைக் கேட்டார்கள். பாட்டிலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு இருமல் வருமோ என்று அவள் உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. நடு ஆறு தாண்டியது. பாலத்துத் தூண் தாண்டியது. சத்தம் மெல்லத் தேய்ந்து அக்கரையில் போய் அடங்கியது.

படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டிலக்காவுக்கு அழுகை வந்தது. இனி நாளைக்கும் அந்த ஜன்னலில் அந்தப் பாட்டில்தான் நிற்கும்.